எலுமிச்சைக்குக் கைகொடுக்கும் கிராம்பெண்ணெய்க் கரைசல்

காரைக்குடியில் இயற்கை விளைபொருள் விற்கும் கடை ஒன்றில், பறித்த பழங்களை நனைத்தெடுப்பதற்கென்று கிராம்பெண்ணெயும் எலுமிச்சைப்புல் எண்ணெயும் சேர்ந்த கரைசல் கிடைக்கிறது. தேவகோட்டைப் பக்கம் உள்ள எங்கள் தோப்பின் எலுமிச்சையிலும் மாங்காயிலும் அதைப் பயன்படுத்திப் பார்த்தபின் சொல்கிறேன்: எலுமிச்சைக்கு நம்பி வாங்கலாம், மாங்காய்க்கு அதை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது.

காரணம், நோய் நுழையும் வழியில் இருக்கிறது. எலுமிச்சையை அழுக வைக்கும் பச்சைப் பூசணமான பெனிசிலியம் டிஜிட்டேட்டம், பறிக்கும்போதும் கூடையில் கொட்டும்போதும் தோலில் விழும் சிறு கீறல்கள் வழியாகவே உள்ளே போகிறது. முதலில் தோல் ஓரிடத்தில் நீர் கோத்து மெத்தென்று ஆகும். அதன்மேல் வெள்ளை படரும். பிறகு நடுவில் பச்சைத் தூள் கட்டி, தொட்டவுடன் பறந்து பக்கத்துக் காய்களின்மேலும் படியும். பறித்த அன்றே நனைத்தால், கீறலில் விழுந்த பூசண வித்து வேரூன்றும் முன்பே, கிராம்பெண்ணெயில் உள்ள யூஜினால், எலுமிச்சைப்புல் எண்ணெயில் உள்ள சிட்ரால் என்ற வேதிப்பொருள்கள் அதன் உயிரணுச் சவ்வைச் சிதைக்கின்றன. நனைத்த கூடையையும் நனைக்காத கூடையையும் அருகருகே வைத்துப் பார்த்ததில், அழுகல் குறைந்தது கண்கூடாகத் தெரிந்தது. இமசலில், தயபெண்டசோல் ஆகிய இரசாயன மருந்துகளைத் தாங்கி வளரும் பச்சைப் பூசண வகைகள் பல நாடுகளில் பெருகிவிட்ட நிலையில், இது சிறிய பயன் அன்று.

மாங்காயில் கரும்புள்ளியை உண்டாக்கும் கொலட்டோட்ரைக்கம் என்ற பூசணம் பூவிலும் பிஞ்சிலுமே தொற்றி, காய் பழுக்கும்வரை தோலில் அடங்கிக் கிடக்கும். மேலே படியும் எண்ணெய் அதை முழுதாக எட்டுவதில்லை. சுமார் 52 பாகை செல்சியஸ் வெந்நீரில் 5 முதல் 10 நிமிடம் காயை முக்கியெடுப்பதுதான் அதற்குத் தெரிந்த வழி. அப்படிச் செய்து, ஆறவைத்து, பிறகு கரைசலில் நனைத்த காய்கள் நன்றாகவே பழுத்தன. ஆனால் காம்படியை மோந்து பார்த்துப் பழம் பொறுக்கும் எங்கள் வீட்டு ஆச்சிமாருக்குக் கிராம்பு வாசனை பிடிக்கவில்லை. காற்றாடப் பரப்பினால் வாசனை போகும். இவை ஆவியாகும் எண்ணெய்கள் என்பதால் காப்பும் அதனோடு குறையும்.

தயாரிப்பாளரிடம் எனக்குள்ள பெரிய மனக்குறை, பாட்டிலின் மேல் அளவாக ‘ஒரு மூடி’ என்று மட்டும் போட்டிருப்பது. கலவை கெட்டியானால் இந்த எண்ணெய்கள் தோலையே சுட்டுவிடும். நீரில் ஊற்றியதும் பால்போல் வெளுக்கும் கரைசல், கலக்காமல் விட்டால் சற்று நேரத்தில் எண்ணெய் வளையங்களாக மேலே மிதக்கிறது. அந்த நிலையில் நனைத்த எலுமிச்சைகளில் பழுப்புத் தழும்புகள் விழுந்தன. லிட்டருக்கு எத்தனை மில்லி என்றும், நனைக்கும்போது இடையிடையே கலக்க வேண்டும் என்றும் அச்சிடுவது அவர்கள் கடமை. ‘எந்தப் பழமும் அழுகாது’ என்ற வாசகத்தையும் எடுத்துவிட வேண்டும்.

விலை சற்று அதிகம்தான். கல்யாணத்துக்கு எலுமிச்சையை முன்கூட்டியே வாங்கி அடுக்கி வைக்கும் வீடுகளுக்குச் சிறிய பாட்டிலே போதும். ஏற்கெனவே மெத்தென்று ஆன காய்களைக் கழித்துவிட்டு, முதலில் சில காய்களை மட்டும் நனைத்துத் தோல் தாங்குகிறதா என்று பார்த்தபின் மற்றவற்றை நனைக்கவும்.