ஒரே ரௌட்டரில் இரண்டு நெட்வொர்க்: போர்ட்டைப் பிரிப்பதா, வீலான் டேக்கா?

அலுவலகக் கணினிகள் ஒரு பக்கம், வருகிறவர்களுக்கான வைஃபை இன்னொரு பக்கம். நேரான வழி, ரௌட்டரின் லேன் போர்ட்டுகளைப் பங்கு போடுவது: முதல் இரண்டுக்கு 192.168.10.0, மூன்றாவதுக்கு 192.168.20.0, ஐபி முகவரி கொடுக்கத் தனித்தனி டிஹெச்சிபி. சாதாரண சுவிட்சே போதும். கோளாறு வந்தால் கேபிளைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்துவிடலாம். ஆனால் பிரிவுக்கு ஒரு சுவிட்ச், ஒரு கேபிள் என்று கூடிக்கொண்டே போகும்.

வீலான் டேக் என்பது, கேபிளில் போகும் ஒவ்வொரு தரவுத் துண்டிலும் (ஃபிரேம்) அது எந்த நெட்வொர்க்குக்கு உரியது என்று ஒட்டும் எண். இதில் ஒரே கேபிள் எல்லாவற்றையும் சுமக்கும். 802.1க்யூ என்ற தரமுறைப்படி ஒவ்வொரு ஃபிரேமிலும் 4 பைட் சேரும். அதில் 12 பிட் வீலான் எண்ணுக்கு. ஒரே ஆக்சஸ் பாயின்ட்டில் (வைஃபை பரப்பும் கருவி) இரண்டு வைஃபை பெயர் விட வேண்டுமானால் இதுதான் வசதி. சுவிட்சும் ஆக்சஸ் பாயின்ட்டும் டேக்கைப் புரிந்துகொள்பவையாக இருக்க வேண்டும், அதுதான் செலவு. தவறும் கண்ணுக்குத் தெரியாது. நடுவில் ஒரு போர்ட்டில் வருகிறவர்களின் வீலான் எண்ணை, அதாவது 20-ஐச் சேர்க்க விட்டுப்போனால், வைஃபை பெயர் தெரியும், பாஸ்வேர்டும் ஏற்கும், ஐபி மட்டும் வராது. விண்டோஸ் லேப்டாப்பில் 169.254 என்று தொடங்கும், அது தானே போட்டுக்கொண்ட முகவரி ஏதாவது நிற்கும்.

ஆக்சஸ் பாயின்ட்டைப் பங்கிட வேண்டாம் என்றால் போர்ட்டைப் பிரித்துவிட்டு நிம்மதியாக இருங்கள். வேண்டுமென்றால் வீலான்தான், தயங்க வேண்டாம்.

எதுவானாலும் சரி, பல ரௌட்டர்கள் இரண்டு பிரிவுக்கும் இடையே தாமாகவே வழி விட்டுவிடும். ஃபயர்வாலில் வருகிறவர்களின் 20-லிருந்து அலுவலகத்தின் 10-க்குப் போவதைத் தடுத்துவிட்டு, 20-லிருந்து 10-க்கு ஒரு பிங் (பதில் வருகிறதா என்ற சோதனை) போட்டுப் பாருங்கள். ரௌட்டரின் அட்மின் பக்கம் 20-லிருந்து திறக்கிறதா என்பதையும்தான்.