நாற்சார் வீடா, பிளேற் வீடா? யாழ்ப்பாணத்தில் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

கந்தர்மடத்தில் குடும்ப வழியாக எங்களுக்கு வந்த நாற்சார் வீட்டை இடித்துவிட்டு மாடி கட்டுவதா, அதையே திருத்தி இருப்பதா என்று எங்கள் வீட்டில் நீண்ட காலம் பேச்சு நடந்தது. கடைசியில் திருத்தினோம். இப்போது அதில்தான் இருக்கிறோம். ஆகவே நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பது இப்போதே தெரிந்திருக்கும். ஆனால் வண்ணார்பண்ணையிலும் நல்லூரிலும் சுண்டிக்குளியிலும் இதே கேள்வியோடு பல குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களில் சிலருக்கு எங்கள் முடிவு பொருந்தவே பொருந்தாது. அது யாருக்கு, ஏன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நாற்சார் என்றால் நடுவில் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி அறைகள், முன்பக்கம் விறாந்தையும் திண்ணையும். சில வீடுகளில் தெருவோரம் கூரை போட்ட வாசலான சங்கடப்படலை இன்னும் நிற்கிறது. சுவர் சுண்ணாம்புக்கல்லும் முருகைக்கல்லும், நடுவே சுண்ணாம்புச் சாந்து. கூரைக்குப் பனைமரம், மேலே ஓடு. பழைய பூங்காவைச் சுற்றியுள்ள பங்களா வீடுகளில் முற்றம் இருக்காது. ஆனாலும் கூரையும் சுவரும் இதே மாதிரிதான் என்பதால், நான் சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும். எதிர்ப்பக்கம் நிற்பது பிளேற் வீடு: சீமெந்துக்கல் சுவர், கொங்கிறீற் தூண், மேலே தட்டையான கொங்கிறீற் கூரை, அதாவது பிளேற், முடிந்தால் அதற்கு மேலே இன்னொரு மாடி.

வெக்கையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான். யாழ்ப்பாணம் ஏறக்குறைய வடக்கு 9 பாகை 40 கலையில் இருக்கிறது. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டியும், பிறகு நல்லூர்த் திருவிழாக் காலத்திலும் மதியச் சூரியன் நேரே உச்சியில் நிற்கும். அந்த நாட்களில் வெயிலை வாங்குவது சுவரை விடக் கூரைதான். பிளேற் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்துவிட்டு இரவில் கட்டிலுக்கு மேலே அதை விடும். ஓடும் சுடும், ஆனால் பொழுது பட்டதும் ஆறிவிடும். இடுக்குகள் வழியாகச் சூடான காற்று மேலே போய்விடும். 2022 இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றபோது இந்த வித்தியாசம் எல்லா ஊரிலும் பேச்சானது. சரி, பிளேற்றுக்கு மேலே இன்னொரு கூரை போட்டால், அல்லது ஏசி போட்டால், பிளேற் வீட்டிலும் நன்றாகத் தூங்கலாம். ஏசி விடயத்தில் பிளேற் வீடுதான் முன்னுக்கு நிற்கிறது. முற்றத்துக்குத் திறந்த அறையைக் குளிராக்குவது வீண் செலவு.

இடவசதியிலும் பிளேற் வீடு வெல்கிறது. இரண்டு பரப்புக் (பரப்பு என்பது இங்கே காணி அளவு) காணியில் நாற்சார் ஒரு குடும்பத்துக்குப் போதும், மாடி இரண்டு குடும்பத்துக்குப் போதும். பிள்ளைகள் இருவருக்கும் ஒரே காணியில் வீடு வேண்டும் என்ற நிலைமை இருந்தால் மேலே படிக்க வேண்டியதில்லை, மாடிதான் வழி.

இவை எல்லாவற்றையும் பார்த்த பிறகும் எங்களுக்கு முடிவைத் தந்தது பராமரிப்பு. நான் விசாரித்த எல்லாரும் "ஓட்டு வீடு தொல்லை, பிளேற் போட்டால் நிம்மதி" என்றே சொன்னார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஓட்டு வீடு வருடாவருடம் வேலை கேட்கும். இங்கே மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்த்துவிடும். ஆகவே புரட்டாதிக்குள் யாராவது கூரையில் ஏற வேண்டும். சோளகக் காற்றில் விலகிய ஓடுகளைச் சரிப்படுத்த வேண்டும். தேங்காய் விழுந்து உடைந்ததை மாற்ற வேண்டும். நாற்சாருக்கு இன்னொரு தனித் தொல்லையும் உண்டு. முற்றத்தைச் சுற்றி நாலு கூரைகள் உள்நோக்கிச் சரிகின்றன அல்லவா, அவை சந்திக்கும் நாலு மூலைகளிலும் தகரப் பீலி போட்டிருக்கும். இரண்டு கூரையின் தண்ணீர் ஒரு பீலியில் இறங்கும் இடம் அது. அங்கே மாவிலையும் அணில் கூட்டுக் குப்பையும் அடைத்தால் தண்ணீர் பின்னுக்கு ஏறி நேரே மரத்துக்குள் போகும். நான் போய்ப் பார்த்த பழைய நாற்சார் வீடுகளில் பெரும்பாலும் முதலில் உக்கியது அந்த மூலைதான். பீலியில் தேங்கும் தண்ணீர் நுளம்புக்கும் இடம். மாரியில் டெங்குச் சோதனைக்குச் சுகாதாரப் பரிசோதகர் வரும்போது முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

எங்கள் கூரையைத் திருத்திய ஓடாவியார் (தச்சர்) வந்த முதல் நாளே ஒன்று சொன்னார்: "தம்பி, ஓட்டை எண்ணாதேங்கோ. வளையின்ரை நுனியைத் தட்டிப் பாருங்கோ." வளை என்பது கூரையைத் தாங்கும் மரம். சுவருக்குள் புதைந்திருக்கும் அதன் நுனிதான் ஈரத்தையும் கறையானையும் முதலில் வாங்கும். நடுப்பகுதி கல்லாட்டம் இருக்க, நுனி மாவாகிப் போயிருக்கும். சுத்தியலால் தட்டினால் சத்தமே சொல்லிவிடும். முற்றிய பனையின் கறுத்த வைரம் நனையாமல் இருந்தால் தலைமுறை கடந்து நிற்கும். எங்கள் வீட்டில் மாற்ற வேண்டியிருந்தது பெரும்பாலும் அந்த மூலைகளை ஒட்டி ஓட்டைத் தாங்கும் சிலாகைகளையும் சில வளைகளின் நுனிகளையும்தான். மீதியைத் துடைத்து அப்படியே விட்டோம்.

மரம் எடுப்பதில்தான் சிக்கல். போர்க் காலத்தில் பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் தறிபட்ட பனைகளுக்குக் கணக்கில்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் ஊரே எழுந்து போனபோது விட்டுப்போன வீடுகளின் கதவும் யன்னலும் கூரை மரமும் திரும்பி வந்தபோது பல இடங்களில் இல்லை. இன்று பனை தறிக்க அனுமதி வேண்டும், முற்றிய பனை கிடைப்பதும் அரிது. பழைய வீடு இடிக்கும் இடங்களில் கழற்றிய மரத்தை வாங்குவதுதான் நடைமுறையில் உள்ள வழி. ஓட்டுக்கும் அதே கதை. மங்களூர், கள்ளிக்கோட்டைப் பக்கமிருந்து கப்பலில் வந்த முத்திரை ஓடுகளோடு இப்போது தங்கொட்டுவப் பக்கம் செய்யும் ஓடுகள் சரியாகக் கொளுவுவதில்லை. ஆகவே ஒரு பக்கக் கூரையை முழுதாகப் புது ஓட்டுக்கு மாற்றி, அங்கே கழற்றிய பழைய ஓடுகளை மற்ற மூன்று பக்கங்களுக்கும் இருப்பாக வைத்தோம். இதைத் திருத்த வேலை தொடங்கும்போதே செய்துவிடுவது நல்லது. பிறகு ஓட்டுக்காக ஊர் ஊராக அலைய வேண்டியிராது.

சுவரைப் பற்றியும் ஒரு விடயம் கட்டாயம் சொல்ல வேண்டும். நல்ல எண்ணத்தோடு திருத்தப் போய்ப் பலரும் வீட்டைக் கெடுப்பது இங்கேதான். பழைய சுவர் நிலத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சும். கூடவே உப்பும் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன் மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்து, பூச்சைத் தள்ளும். உள்ளே இருக்கும் சுண்ணாம்புச் சாந்தும் இளகும். பிளாஸ்ரிக் பெயின்ரும் இதைத்தான் செய்யும். "பழைய சுவர், எப்படிப் பூசினாலும் உதிருது" என்று சொல்பவர்களின் வீட்டைப் போய்ப் பாருங்கள், பெரும்பாலும் சீமெந்துப் பூச்சாகவே இருக்கும். சுண்ணாம்பு நீற்றிப் பூசத் தெரிந்த மேசன்மார் குறைந்துவிட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஒருவரைத் தேடிப் பிடித்துவிட்டால் செலவு பெரிதில்லை, வெள்ளை அடிப்பதை வீட்டு ஆட்களே செய்யலாம்.

இனிப் பிளேற் வீட்டுப் பக்கம். முதல் பல வருடங்களுக்கு அது ஒன்றும் கேட்காது. இதைத்தான் எல்லாரும் நிம்மதி என்கிறார்கள், அது பொய்யில்லை. ஆனால் கேட்கத் தொடங்கும்போது மொத்தமாகக் கேட்கும். கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பியில் உப்பு எட்டினால் துருப்பிடிக்கும். துரு, கம்பியை விட அதிக இடம் பிடிக்கும். அது விரியும்போது கொங்கிறீற் வெடித்துக் கீழே கொட்டும். குருநகர், பாசையூர், கொழும்புத்துறைப் பக்கம் கடற்காற்றுக்கு முகம் கொடுக்கும் வீடுகளின் பல்கனி அடியைப் பார்த்தால் விளங்கும். உப்பு காற்றில் மட்டும்தான் வரும் என்றில்லை. கழுவாத கடல் மணலிலும், குழைத்த கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் அதிலும், கட்டும் நாளிலேயே உள்ளே போய்விடும். கம்பியை மூடும் சீமெந்துத் தடிப்பைக் குறைத்தால் இன்னும் சீக்கிரம். இவை எதையும் வீடு கட்டி முடிந்த பிறகு கண்ணால் பார்க்க முடியாது. கறை தெரியும் நேரத்தில் கம்பி பாதி போயிருக்கலாம். ஓட்டுக் கூரையில் ஒழுக்கு விழுந்தால் எந்த ஓடு என்று அன்றைக்கே கண்டுபிடிக்கலாம். பிளேற்றில் தண்ணீர் ஓரிடத்தில் இறங்கி வேறோரிடத்தில் சொட்டும்.

இதில் எனக்கு ஓர் எல்லை உண்டு. நான் பிளேற் வீட்டில் வளர்ந்தவன் அல்ல. சொந்தத்திலும் தெரிந்தவர்களிடத்திலும் பார்த்ததை வைத்துத்தான் பேசுகிறேன். நல்ல பொறியியலாளர் மேற்பார்வையில், நல்ல மணலும் நல்ல தண்ணீரும் போட்டு, கடலிலிருந்து தள்ளிக் கட்டிய பிளேற் வீடு நான் சொன்னதை விட நீண்ட காலம் தொல்லையில்லாமல் நிற்கலாம்.

அடுத்தது ஆள் விடயம். எங்கள் முடிவு பொருந்தாதவர்கள் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது இவர்கள்தான். நாற்சார் வீட்டில் ஆள் இருக்க வேண்டும். கனடாவிலோ லண்டனிலோ இருந்துகொண்டு நல்லூர்த் திருவிழாவுக்கு மட்டும் வந்து திறப்பவர்களுக்கு அது சரிவராது. பூட்டிய ஓட்டு வீட்டில் ஓர் ஓடு விலகினால் ஒரு மாரியில் சிலாகை நனையும், அடுத்த மாரியில் வளை நனையும், பிறகு சுவரின் தலைக்குள் தண்ணீர் இறங்கும். 2008 நவம்பரில் நிஷா புயல் மழை போல ஒன்று வந்தால் ஒரு கிழமையே போதும். வயதான அம்மா அப்பா மட்டும் இருக்கும் வீடு என்றாலும் யோசிக்க வேண்டும். கூரையில் ஏற ஆள் பிடிப்பதே அவர்களுக்குப் பெரும்பாடு. வாடகைக்குக் கொடுத்தால் கூரையைப் பார்ப்பது உங்கள் பொறுப்பு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள், குடியிருப்பவர் பார்க்க மாட்டார். இந்த நிலையில் உள்ளவர்களுக்கு, கடலோரம் இல்லாவிட்டால், பிளேற் வீட்டையே சொல்வேன்.

விற்பனையில் நாற்சாருக்கு மரியாதை இல்லை. வாங்க வருபவர் பரப்புக் கணக்கில் காணிக்கு விலை பேசுவார்; வீட்டை இடிக்கும் கூலியைக் கழிக்கப் பார்ப்பார். பழைய வீடென்றால் காணி உறுதியில் பங்காளிகள் பலர் இருப்பதும் வழக்கம். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையில் பங்காளிக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு என்பதால், வெளியாருக்கு விற்கும் முன் அவர்களுக்கு முறையாக அறிவிக்க வேண்டும். விற்கும் எண்ணம் இருப்பவர் திருத்தத்தில் காசு போடக் கூடாது. நாங்கள் விற்பதற்கென்று திருத்தவில்லை, அதனால் இது எங்களைத் தொடவில்லை.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது, எங்களுக்குச் சரிவந்ததும் அதுதான். நாற்சாரைத் தொடாமல், குசினியையும் குளியலறைகளையும் பின்வளவில் சிறிய பிளேற் கட்டடமாகப் போட்டோம். ஈரமான வேலை எல்லாம் சுண்ணாம்புச் சுவரை விட்டு வெளியே போய்விட்டது, தண்ணீர்த் தாங்கியும் பனை மரத்துக்கு மேலே பாரமாக ஏறவில்லை. இதைச் செய்பவர்கள் புதுப் பிளேற்றைப் பழைய ஓட்டுக் கூரைக்குக் கீழே முட்டிக் கட்டாதீர்கள். அந்தப் பொருத்தில் எந்தப் பூச்சும் நிலைக்காது. ஒரு கட்டடம் சூட்டில் விரியும், மற்றது அசையாது, வெடிப்பு விழும், ஓட்டுத் தண்ணீர் முழுக்க அதற்குள்ளே இறங்கும். ஓர் ஆள் ஏணியோடு நடந்து போகக்கூடிய இடைவெளி விட்டு, அதற்கு மேலே மட்டும் கழற்றக்கூடிய தகரம் போடுங்கள். புரட்டாதியில் பீலி துப்புரவாக்க ஏறுபவருக்கும் அந்த வழி உதவும்.