உள்ள சரியா உட்கார்ந்துடுச்சுன்னா அது சரியான டீசல் ஃபில்டர் ஆகிடாது, சின்ன போட் வச்சிருக்கவங்க படிங்க

டீசல் இன்ஜின் போட் வச்சிருக்க எல்லாரும் இதை ஒரு தடவை படிச்சிருங்க ப்ளீஸ். மட்டமான டீசல் ஃபில்டர் வாங்கி போன காசு கூட பரவால்ல, பாறை பக்கத்துல இன்ஜின் அணைஞ்சு போய் நாலு பேரு நங்கூரம் பிடிக்குமா பிடிக்காதான்னு கயித்தையே பாத்துட்டு உட்கார்ந்திருந்தோம், அது வேற யாருக்கும் வரக்கூடாது.

என் போட்ல டேங்குக்கும் இன்ஜினுக்கும் நடுவுல ரேக்கார் 500 ஹவுசிங், அதாவது டீசல் ஃபில்டர் உட்கார்ற கூடு இருக்கு. அடியில உள்ள தெரியற மாதிரி ஒரு கிண்ணம், டீசல்ல இருக்க தண்ணி அதுல இறங்கி நிக்கும், திறந்து வடிச்சு விடலாம். ஹவுசிங்குக்குள்ள போடற எலிமென்ட்ல (டீசலை வடிகட்டற பேப்பர் உருளை) மூடி கலரை வச்சே மைக்ரான், அதாவது எவ்வளவு பொடி கசடு வரைக்கும் பிடிக்கும்னு தெரியும், பழுப்புன்னா 2, நீலம் 10, சிவப்பு 30. நான் எப்பவும் நீலம் தான். இந்த தடவை கடைக்காரர் வேற ஒண்ணை எடுத்து வச்சு "அண்ணே இதுவும் 10 மைக்ரான் தான், வாட்டர் செபரேட்டர் தான், மூடியும் நீலம் பாருங்க, அப்படியே உட்காரும்"னு சொன்னார், விலை பாதிக்கும் கீழ, நாலு வாங்கிட்டேன். கவர்ல பார்ட் நம்பர் இல்ல, யாரு செஞ்சதுன்னும் இல்ல. எலிமென்ட் அப்படியே உட்கார்ந்துச்சு, அதுல பொய் இல்ல.

மொதல் தொந்தரவு ரெண்டாவது தடவை போனப்பவே வந்துச்சு, ஆர்பிஎம் (இன்ஜின் சுத்தற வேகம்) தானா ஏறுது இறங்குது. வெளிய ஒரு சொட்டு டீசல் ஒழுகல, அதனால ஃபில்டர் மேல சந்தேகமே வரல. ஆனா இந்த ஃபில்டர் பம்ப் இழுக்கற பக்கத்துல இருக்கு, அங்க சீல் சரியில்லன்னா டீசல் வெளிய வராது, காத்து தான் உள்ள போகும். பாக்கெட்டோட வந்த ஓ-ரிங் (காத்து புகாம அடைக்கற ரப்பர் வளையம்) பழசை விட மெலிசு, விரல்ல அழுத்தினா கல்லு மாதிரி இருந்துச்சு. வேற நல்ல ஓ-ரிங்ல டீசல் தடவி போட்டு பிளீட் பண்ணதும், அதாவது லைன்ல இருந்த காத்தை வெளியேத்தினதும் சரியாச்சு, அதோட விட்டுட்டேன், எலிமென்ட்டை வெளிய எடுத்து ஒழுங்கா பாக்கல.

அப்புறம் ஒரு நாள் நல்ல அலை. அமைதியான தண்ணியில டேங்க் அடியில சும்மா படுத்திருக்க வண்டலும் தண்ணியும் போட் ஆடும்போது தான் கலங்கி மேல வரும், ஃபில்டரோட உண்மையான வேலையே அன்னைக்கு தான். பவர் குறைஞ்சுது, ரெண்டு தடவை திணறுச்சு, நின்னுடுச்சு. நங்கூரம் போட்டோம், நல்ல வேளை பிடிச்சுக்கிச்சு, வேற ஒரு போட் வந்து கட்டி இழுத்துட்டு போனாங்க.

கரையில மெக்கானிக் தம்பி பிரிச்சு பாத்தாரு. எலிமென்ட்டோட கீழ் மூடியில பசை விட்டு பேப்பர் தனியா வந்திருக்கு, அந்த சந்து வழியா கசடு எல்லாம் நேரா போய் இன்ஜின்ல இருக்க ரெண்டாவது ஃபில்டரை அடைச்சிருக்கு, தண்ணி அதையும் தாண்டி பம்ப் வரைக்கும் போயிருக்கு. பம்புக்கும், டீசலை இன்ஜினுக்குள்ள பீய்ச்சற இன்ஜெக்டருக்கும் அந்த டீசல் தான் எண்ணெய், நடுவுல தண்ணி வந்தா உலோகம் உலோகத்தோட உரசும், துரு பிடிக்கும். இன்ஜெக்டர் நாசில் எல்லாம் மாத்தற மாதிரி ஆயிடுச்சு.

டூல் பாக்ஸ்ல பழைய ஒரிஜினல் ஒண்ணு பிரிக்காம கிடந்துச்சு, ரெண்டையும் அறுத்து பக்கத்துல வச்சோம். ஒரிஜினல் பேப்பர் மேல தண்ணி விட்டா முத்து முத்தா நிக்குது, இதுல விட்டா அப்படியே ஊறிடுச்சு. பெரிய துளி எப்படியும் கிண்ணத்துல இறங்கிடும், ஆனா அலையில அடிபட்டு பொடிப்பொடியா கலந்த தண்ணியை தடுக்கறது அந்த பேப்பரும் அது மேல இருக்க பூச்சும் தான். பூச்சே இல்லாத பேப்பருக்கு வாட்டர் செபரேட்டர்னு பேர் வச்சு வித்திருக்காங்க.

கடையில கொண்டு போய் காட்டினா "டீசல்ல தண்ணி இருந்தா ஃபில்டர் என்னண்ணே பண்ணும்"னு கேக்கறாரு. தண்ணியை பிரிக்கத்தானே அதை வாங்கறோம்! காசு திருப்பி தரல, அதுக்கு மேல "அப்போ 2 மைக்ரான் எடுத்துக்கோங்க, இன்னும் சுத்தமா வரும்"னு இன்னொண்ணை நீட்டறாரு. இதை நம்பிடாதீங்க. இழுக்கற பக்கத்துல அவ்வளவு பொடி ஃபில்டர் போட்டா கொஞ்சம் கசடுக்கே அடைச்சிடும், பம்ப் இழுத்து இழுத்து டீசல் பத்தாம இன்ஜின் நிக்கும். பொதுவா மொதல் ஃபில்டர் 30 இல்லன்னா 10, பொடி வேலை இன்ஜின் மேல இருக்க ரெண்டாவதுக்கு, அதுவும் இன்ஜின் மேனுவல் என்ன சொல்லுதோ அது தான்.

அப்புறம் வெறும் "10 மைக்ரான்"ங்கற வார்த்தைக்கு ஒரு அர்த்தமும் இல்ல, அந்த சைஸ்ல எவ்வளவு பிடிக்குதுன்னு கேக்கணும். அதை சொல்ற நம்பர் தான் பீட்டா, பீட்டா 75ன்னு போட்டிருந்தா அந்த அளவுக்கு மேல உள்ள 75 துகள் வந்தா ஒண்ணு தான் தப்பிக்கும், அதாவது 98.7 சதவீதம் நிக்கும். சும்மா நாமினல்னு (உத்தேச அளவுன்னு) மட்டும் போட்டிருந்தா அதுல பாதி போனாலும் நாம ஒண்ணும் கேக்க முடியாது. ஃபில்டர் மணிக்கு எத்தனை லிட்டர் விடும்ங்கற கணக்கையும் பாருங்க, இன்ஜின் எரிக்கற டீசலை மட்டும் கணக்கு போடாதீங்க, டேங்குக்கு திரும்பி போறதும் இதே ஃபில்டர் வழியா தான் வருது, ரெண்டும் சேர்ந்த அளவுக்கு தாங்கணும்.

நான் இப்போ ஹவுசிங் மேல ஒரு வேக்கும் கேஜ் (பம்ப் எவ்வளவு கஷ்டப்பட்டு இழுக்குதுன்னு காட்டற மீட்டர்) மாட்டிட்டேன். புது எலிமென்ட் போட்ட அன்னைக்கு, முழு ஸ்பீடுல முள்ளு எங்க நிக்குதுன்னு குறிச்சு வச்சுக்கணும், அங்கிருந்து ஏற ஆரம்பிச்சா அடைக்குதுன்னு கரையிலயே தெரிஞ்சிடும்.

வாங்கின நாலுல பிரிக்காதது ரெண்டு இன்னும் என்கிட்ட இருக்கு. ஒண்ணோட மூடியை கையால திருகி பாத்தேன், டீசலே படாத புதுசு, அதுலயும் பசை விட்டு வந்துச்சு. உங்க ஸ்பேர் பெட்டியில பார்ட் நம்பர் இல்லாத நீல மூடி எலிமென்ட் இருந்தா அடுத்த தடவை கிளம்பறதுக்கு முன்னாடி அதையும் ஒரு திருகு திருகி பாத்துடுங்க.