அடுத்தடுத்த இரண்டு நாள்: பென் வெப்ஸ்டரின் எந்த எல்பியை வாங்கலாம்?

1957 அக்டோபர் 15 அன்று ஹாலிவுட்டில் உள்ள கேப்பிட்டல் ஸ்டுடியோவில் அமெரிக்க ஜாஸ் கலைஞர் பென் வெப்ஸ்டர் 'சோல்வில்' என்ற எல்பிக்காக (நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு) டெனர் சாக்ஸபோன் வாசித்தார். மறுநாள் பதிவான தட்டிலும் கிட்டத்தட்ட அதே குழுதான்: பியானோவில் ஆஸ்கர் பீட்டர்சன், கிடாரில் ஹெர்ப் எல்லிஸ், பாஸில் ரே பிரவுன். டிரம்ஸில் மட்டும் ஸ்டான் லெவி போய் ஆல்வின் ஸ்டாலர் வந்தார். கூடவே இன்னொரு டெனர், கோல்மன் ஹாகின்ஸ். அந்தத் தட்டுக்கு 'கோல்மன் ஹாகின்ஸ் என்கவுண்டர்ஸ் பென் வெப்ஸ்டர்' என்று பெயர். இரண்டையும் தயாரித்தவர் நார்மன் கிரான்ஸ். வெளியிட்டது அவருடைய வெர்வ் நிறுவனம்.

ஸ்விங் காலத்து (1930, 40களின் நடன ஜாஸ்) சாக்ஸபோனில் ஒரே ஒரு பழைய தட்டுதான் வாங்க முடியும், எதை வாங்கட்டும் என்று யாராவது கேட்டால் இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்வேன். எதைச் சொல்வது என்று வரும்போதுதான் மனம் அல்லாடும். ஒரே மனிதரின் வாசிப்பு ஒரே இரவு இடைவெளியில் இவ்வளவு மாறி ஒலிக்கிறது.

மாற்றத்துக்குக் காரணம் ஹாகின்ஸ். ஜாஸில் டெனர் சாக்ஸபோனைத் தனி வாத்தியமாக நிமிர்த்தி வைத்தவர் அவர். 1939 அக்டோபரில் அவர் பதிவு செய்த 'பாடி அண்ட் சோல்' என்ற, நிமிடத்துக்கு 78 சுழற்சித் தட்டு, மூல மெட்டைத் தொடக்கத்தில் கொஞ்சம் தொட்டுவிட்டு, பிறகு முழுக்கக் கற்பனையிலேயே போகும். பிளெட்சர் ஹெண்டர்சனின் ஜாஸ் குழுவிலிருந்து 1934இல் அவர் விலகினார்; அதே ஆண்டில் அந்தக் குழுவின் டெனர் நாற்காலிக்கு வெப்ஸ்டரும் வந்து சேர்ந்தார். ஹாகின்ஸைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர் வெப்ஸ்டர். 1940 முதல் 1943 வரை டியூக் எலிங்டனின் ஜாஸ் குழுவில் இருந்தபோது தனக்கென்று ஒரு நாதத்தைக் கண்டுபிடித்துக்கொண்டார். 1957இல் ஹாகின்ஸுக்கு 52 வயது, வெப்ஸ்டருக்கு 48. குருவின் பக்கத்தில் நின்று சிஷ்யர் வாசிப்பதைத்தான் 'என்கவுண்டர்ஸ்' நமக்குக் கேட்கத் தருகிறது.

இருவரையும் பிரித்தறிவது எப்படி? ஸ்வரம் முடியும் இடத்தைக் கவனியுங்கள். ஹாகின்ஸ் ஸ்வரத்தைத் திடமாகப் பிடித்து, ஒவ்வொரு கார்டையும் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டம்) மாடிப்படி மாதிரி ஏறி இறங்குவார். வெப்ஸ்டரிடம் கார்வை கரைந்து வெறும் மூச்சாகிவிடும். நாதம் நின்ற பிறகும் ரீடின் (ஊதும் வாயில் அதிரும் நாணல் தகடு) மேல் காற்று போய்க்கொண்டிருப்பது 'ஃப்ஃப்' என்று கேட்கும். 'புளூஸ் ஃபார் யோலாண்ட்' பாட்டில் ஹாகின்ஸ் தொண்டை கிழியக் கத்துவதுபோல் வாசிக்கும் இடம் ஒன்று உண்டு. முதல் தடவை கேட்டபோது முள்ளில் ஏதோ சிக்கிவிட்டது என்று பதறி எழுந்து போய்ப் பார்த்தேன். 'லா ரோஸிட்டா'வில் இரண்டு டெனர்களும் இழைந்து போகும்போது, இந்த மூச்சை வைத்துத்தான் எது யார் என்று எனக்குப் பிடிபட்டது.

'சோல்வில்'லில் அந்த மூச்சுக்கு முழு இடமும் கிடைக்கிறது. தலைப்புப் பாட்டு சுமார் 8 நிமிட மெதுவான புளூஸ். 'லவர், கம் பேக் டு மீ' மட்டும் கொஞ்சம் துள்ளும். மற்றபடி 'டைம் ஆன் மை ஹேண்ட்ஸ்', 'வேர் ஆர் யூ', 'இல் விண்ட்' எல்லாம் காதருகே வந்து ரகசியம் சொல்வதுபோல இருக்கும். பீட்டர்சன் பொதுவாகக் கைநிறைய ஸ்வரங்களைக் கொட்டுபவர். இங்கே வெப்ஸ்டருக்காக அடங்கி வாசிக்கிறார். அதற்காகவே அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

தட்டு என்று வரும்போது ஒரு சிக்கல். எல்பியில் முள் உள்நோக்கிப் போகப் போக, ஒரே சுற்றுக்கு தட்டில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் அது கடக்கும் நீளம் குறையும். அதனால் ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டில்தான் இரைச்சலும் சிதைவும் முதலில் தலைகாட்டும். 'சோல்வில்'லில் அந்தக் கடைசி இடங்களில் இருப்பவை 'டைம் ஆன் மை ஹேண்ட்ஸ்', 'இல் விண்ட்'. இரண்டுமே மெல்லிய மூச்சை நம்பி நிற்கும் பாட்டுகள். அந்தக் காலத்துக் கனமான டோன் ஆர்ம் (முள்ளைத் தாங்கும் கை) பல வருடம் உழுத தட்டு என்றால், வெப்ஸ்டரின் மூச்சோடு மொரமொரப்பும் கலந்து வரும். 'என்கவுண்டர்ஸ்' இந்த விஷயத்தில் தாக்குப்பிடிக்கும். அதில் இரண்டாம் பக்கத்தை முடிப்பது 'ஷைன் ஆன், ஹார்வெஸ்ட் மூன்'. உரத்து வாசிக்கும் இடங்கள் நிறைய இருப்பதால் சின்னச் சின்ன வெடிப்புச் சத்தங்கள் அடியில் மறைந்துவிடும்.

ஆகவே பழைய அச்சில் வாங்குவதானால் என் ஓட்டு 'என்கவுண்டர்ஸ்' பக்கம். லேபிளின் அடிவிளிம்பைப் படித்துப் பாருங்கள். 'வெர்வ் ரெக்கார்ட்ஸ், இன்க்.' என்று இருந்தால் கிரான்ஸ் காலத்து அச்சு. எம்ஜிஎம் என்ற ஹாலிவுட் நிறுவனத்தின் பெயர் இருந்தால், 1960இன் கடைசியில் அவர் நிறுவனத்தை எம்ஜிஎம்முக்கு விற்ற பிறகு வந்தது. பிந்தையது விலை குறைவு. கேட்பதற்கு மோசம் என்று ஒதுக்கத் தேவையில்லை. மோனோ (ஒரே தடத்தில் ஒலிக்கும்) தட்டு கிடைத்தால் தயங்காதீர்கள். ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்திவிட்டுக் கேளுங்கள். மோனோ பள்ளத்தில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருக்கிறது. மேல்கீழ் அசைவில் வரும் கரகரப்பு பெருமளவு அடங்கிப்போகும்.

'சோல்வில்'லை மட்டும் மறுபதிப்பில் வாங்குங்கள் என்பேன். ஜப்பானில் பாலிடார் நிறுவனம் வெளியிட்ட அச்சுகள் அமைதியான பின்புலத்துக்குப் பேர்போனவை. 45 சுழற்சியில் இரண்டு தட்டாக வரும் பதிப்பு கிடைத்தால் அந்த உள்பள்ளச் சிக்கலும் பெருமளவு தீரும், அடிக்கடி எழுந்து திருப்பிப் போட வேண்டியிருந்தாலும். ஐரோப்பாவில் 1963க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகளுக்குக் காப்புரிமை காலாவதியாகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். மலிவாகக் கிடைக்கும் அந்தத் தட்டுகளில், மூல நாடாவிலிருந்து எடுத்ததா என்று உறையில் எழுதாதவற்றை நான் தொடுவதில்லை. பல சமயம் அது சிடியிலிருந்து வெட்டியதாக இருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும், கடையில் பழைய 'சோல்வில்' ஒன்று கண்ணில் பட்டால் கை தானாக நீளும், தெரியும். நீளட்டும். உறையிலிருந்து எடுத்து விளக்குக்குக் கீழே சாய்த்துக் கீறல் பாருங்கள். போட்டுக் காட்டச் சொல்ல முடிந்தால், முதல் பாட்டைக் கேட்காதீர்கள். இரண்டாம் பக்கம், கடைசிப் பாட்டு, 'இல் விண்ட்'. அதில் வெப்ஸ்டரின் மூச்சு சுத்தமாகக் கேட்டால், பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.