அம்மாவின் போன், அண்ணனின் டிவி, என் லேப்டாப்: விளம்பரத்தை எங்கே மறிப்பது?

அம்மா போனில் வத்தக்குழம்பு செய்முறை தேடிக்கொண்டிருந்தார். பக்கம் திறந்ததும் திறக்காததுமாக, 'உங்கள் போனில் வைரஸ் இருக்கிறது' என்று ஒரு சிவப்புப் பெட்டி எழும்பித் திரையையே மூடிவிட்டது. பதறிப்போய் எங்கே தொட்டாலும் அது 'சரி' பொத்தானாகவே இருந்திருக்கிறது. மறுநாளிலிருந்து ரீசார்ஜ் பணம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. ஏதோ ஒரு சந்தாவில் சேர்ந்திருக்கிறாராம். "நான்தான் எதையோ தப்பா அழுத்திட்டேனாப்பா?" என்று அம்மா கேட்டதை இன்னும் மறக்க முடியவில்லை. அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. குழம்புக்குப் புளி எவ்வளவு என்று பார்க்கப் போனவர் அவர்.

அதன் பிறகுதான் விளம்பரத் தடுப்பை வீடு முழுவதற்குமாகச் செய்வது என்று உட்கார்ந்தேன். வடிகட்டும் ப்ராக்சி (பிரவுசருக்கும் இணையத்துக்கும் நடுவில் நிற்கும் இடைத்தரகன்), டிஎன்எஸ் தடுப்பு, பிரவுசர் எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் சேர்க்கும் துணை நிரல்) ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தேன்.

ஒரு பக்கம் திறக்கும்போது மூன்று காரியங்கள் வரிசையாக நடக்கின்றன. முதலில் தளத்தின் பெயரைச் சொல்லி அதன் எண் முகவரி கேட்கப்படுகிறது, அதுதான் டிஎன்எஸ். அடுத்து அந்த முகவரியோடு இணைப்புப் போட்டுத் தரவு வருகிறது. ப்ராக்சி நிற்கும் இடம் இது. கடைசியில், வந்து சேர்ந்ததை பிரவுசர் பக்கமாக அடுக்குகிறது. எக்ஸ்டென்ஷன் அங்கே உட்கார்ந்திருக்கிறது. எவர் கண்ணில் எது படுகிறதோ அதைத்தான் அவர் தடுக்க முடியும். ஆகவே ஒவ்வொன்றிடமும் நான் கேட்ட கேள்வி இதுதான்: உனக்கு எதுவரை தெரியும், அது தெரிய நான் உன்னிடம் எதை ஒப்படைக்க வேண்டும்?

பிரிவாக்சி

வடிகட்டும் ப்ராக்சி இது, இந்த வரிசையில் மூத்ததும் இதுதான். 1990களில் வந்த இன்டர்நெட் ஜங்க்பஸ்டர் என்ற ப்ராக்சியிலிருந்து கிளைத்தது. 3.0 வரிசை 2002 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கங்களைச் சேமித்து வைக்காது, வடிகட்டுவது மட்டுமே வேலை. டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ்களில் ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம். அந்தக் கம்ப்யூட்டரையே குறிக்கும் 127.0.0.1 முகவரியில், 8118 என்ற போர்ட்டில் (வாசல் எண்ணில்) காத்திருக்கும். பிரவுசரின் ப்ராக்சி அமைப்பில் அதைக் கொடுத்தால் போதும்.

இதன் அழகு 'ஆக்‌ஷன்', 'ஃபில்டர்' என்ற இரண்டு வகைக் கோப்புகளில் இருக்கிறது. ஆக்‌ஷன் கோப்பில் எந்தத் தளத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறோம்: தடு, குக்கியை அந்த அமர்வோடு தீர்த்துவிடு, எந்தப் பக்கத்திலிருந்து வந்தேன் என்ற தகவலை மறை. தளத்தின் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தால் அதன் கிளைப் பெயர்களும் சேர்ந்து மாட்டும். ஃபில்டர் கோப்பிலோ பக்கத்தின் உள்ளேயே கைவைக்கலாம். ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துகளைத் தேடி மாற்றும் வாய்பாடு) எழுதத் தெரிந்தவர்களுக்கு அது ஒரு தனி உலகம். சொந்த விதிகளை 'யூசர்' என்று தொடங்கும் கோப்புகளில் மட்டும் எழுதுங்கள். 'டிஃபால்ட்' கோப்புகளில் எழுதினால் அடுத்த அப்டேட்டில் உழைப்பெல்லாம் போய்விடும்.

நடப்பதைப் பதிவு செய்யும் லாக் கோப்பில் எது தெரிய வேண்டும் என்பதை 'டீபக்' என்ற அமைப்பில் கொடுக்கும் எண் முடிவு செய்யும். 1, ஒவ்வொரு கோரிக்கையையும் காட்டும். 1024, எதைத் தடுத்தது, ஏன் தடுத்தது என்று சொல்லும். ஒரு செய்தித் தளத்தை இந்த இரண்டும் போட்டுத் திறந்து பாருங்கள். ஒரே ஒரு செய்திக்காகத் திரையில் வரி வரியாக ஓடும் பெயர்களில் எத்தனை அந்தப் பத்திரிகையுடையது, எத்தனை முன்பின் தெரியாதவர்களுடையது என்று எண்ணினால் மனம் கனத்துவிடும்.

இவ்வளவு இருந்தும் இன்று பிரிவாக்சியின் கை பாதி கட்டப்பட்டிருக்கிறது. காரணம் எச்டிடிபிஎஸ், அதாவது பிரவுசரும் தளமும் பேசிக்கொள்வதை வழியில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டும் முறை. அதற்கு, 'நான் இந்தத் தளம்தான்' என்று நிரூபிக்கும் சான்றிதழ் ஒன்று தளத்துக்கு வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 கடைசியில் அதை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய பிறகு ஏறக்குறைய எல்லாத் தளங்களும் பூட்டிய குழாயில்தான் பேசுகின்றன. அந்தக் குழாயைத் திறக்கச் சொல்லி பிரவுசர் ப்ராக்சியிடம் கேட்கும்போது தளத்தின் பெயரும் 443 என்ற போர்ட் எண்ணும் மட்டும்தான் சொல்லும். உள்ளே எந்தப் பக்கம், என்ன குக்கி, என்ன எழுத்து என்று எதுவும் ப்ராக்சிக்குத் தெரியாது. பெயரை வைத்து மொத்தமாகத் தடுக்கலாம், அவ்வளவுதான். ஃபில்டர் கோப்பில் எழுதிய விதிகள் எல்லாம் தூங்கிக்கொண்டிருக்கும்.

இதற்கு ஒரு வழி 2020-ல் வெளிவந்த 3.0.29 பதிப்பில் கிடைத்தது: எச்டிடிபிஎஸ் பரிசோதனை. நாமே ஒரு சான்றிதழ் ஆணையம் உருவாக்கி, அதை பிரவுசரில் 'இதை நம்பு' என்று ஏற்றிவிட வேண்டும். அதன்பின் பிரிவாக்சி நடுவில் நின்று பூட்டைத் திறந்து, பார்த்து, திருத்தி, மறுபடியும் பூட்டி அனுப்பும்.

லேப்டாப்பில் அதைச் செய்து முடித்த அன்று, பழக்கத்தில் என் வங்கிக் கணக்கைத் திறந்தேன். முகவரிப் பட்டையில் பூட்டுக் குறி இருந்தது. அதைத் தொட்டுச் சான்றிதழைப் பார்த்தால், 'வழங்கியவர்' என்ற இடத்தில் அரை மணி நேரம் முன்பு நான் டைப் செய்த என் சொந்தப் பெயர். என் பாஸ்வேர்ட் என் லேப்டாப்பில் ஓடும் ஒரு நிரலுக்குள் வெறும் எழுத்தாகப் போய் வருகிறது என்று அப்போதுதான் உறைத்தது. அந்த ஆணையத்தின் சாவிக் கோப்பு யார் கையிலாவது கிடைத்தால், அதை நம்பும் எல்லாக் கருவிகளிடமும் அவர் எந்த வங்கியாகவும் வேஷம் போடலாம். வங்கி, மருத்துவமனை, அரசு சேவைத் தளங்களை எல்லாம் பரிசோதனையிலிருந்து விலக்கி விதி எழுதினேன். விலக்க மறந்த ஒன்று போதும், பாதுகாப்புப் போச்சு.

போன்களில் இது செல்லவே செல்லாது. ஆண்ட்ராய்டு 7 முதல், பயனர் ஏற்றும் சான்றிதழை ஆப்கள் இயல்பாக நம்புவதில்லை. பல வங்கி ஆப்கள் தங்கள் சான்றிதழைத் தவிர வேறு எதையும் ஏற்காது. வைஃபையில் ப்ராக்சி கொடுத்தாலும் அதை மதிக்காமல் நேரே போகும் ஆப்களும் உண்டு. அம்மாவின் போனுக்கு இது வழியில்லை என்று இங்கேயே விட்டுவிட்டேன்.

வீடு முழுவதற்கும் பிரிவாக்சியைத் திறந்துவிட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காத்திருக்கும் முகவரியை வீட்டு நெட்வொர்க் முகவரியாக மாற்றினால், யார் யார் வரலாம் என்ற வரம்பையும் கூடவே எழுதுங்கள். வெளியுலகம் தொடக்கூடிய ப்ராக்சி, ஊரார் எல்லாம் உங்கள் பெயரில் கடிதம் போடுவதற்குச் சமம்.

ஸ்க்விட் என்ற இன்னொரு ப்ராக்சி பற்றியும் கேட்பார்கள். 1996 முதல் இருக்கும் திறமைசாலி, 3128 போர்ட். கல்லூரி, அலுவலகம் என்றால் சரி. பக்கங்களைச் சேமித்து வைப்பதுதான் அதன் பிறவி வேலை, அதையும் எச்டிடிபிஎஸ் பெருமளவு பறித்துவிட்டது. வீட்டுக்கு வேண்டாம்.

பை-ஹோல், அட்கார்டு ஹோம்

இவை இரண்டும் டிஎன்எஸ் தடுப்பு நிரல்கள். டிஎன்எஸ் தடுப்பு இன்னும் குறைவாகப் பார்க்கிறது: பெயர் மட்டும். விளம்பர நிறுவனத்தின் பெயரைக் கேட்டால், எங்கும் போகாத 0.0.0.0 என்ற முகவரியைப் பதிலாகச் சொல்லிவிடும். கேட்ட கருவி அத்தோடு நின்றுவிடும். சான்றிதழ் வேண்டாம், ஒவ்வொரு கருவியிலும் அமைப்பு வேண்டாம், ரவுட்டரில் ஒரே இடத்தில் மாற்றினால் வீடே அடங்கும். நடுக்கூடத்தில் அண்ணன் வாங்கி வைத்த ஸ்மார்ட் டிவியில் எக்ஸ்டென்ஷன் போட முடியுமா? முடியாது. டிவி யாரிடமெல்லாம் பேசுகிறது என்று எனக்குத் தெரிந்ததே பை-ஹோல் வைத்த பிறகுதான். யாரும் பார்க்காத நேரத்திலும் அது ஓயாமல் தகவல் அனுப்பப் பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டில் எது? பை-ஹோல் பழகியது, உதவிக்கு ஆள் அதிகம். அட்கார்டு ஹோம் ஒரே கோப்பாக வந்து இறங்கும். தனக்குத் தெரியாததை வெளி டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கும்போது அந்தக் கேள்விகளை மறைகுறியாக்கி அனுப்பும் வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. பை-ஹோலில் அதற்குத் தனியாக இன்னொரு நிரல் சேர்க்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவருக்கு அட்கார்டு ஹோம் என்பேன். நான் பழக்கத்தால் பை-ஹோலில் இருக்கிறேன்.

முடியாததையும் சொல்ல வேண்டும். யூடியூப் விளம்பரம் இதில் நிற்காது. வீடியோ வரும் அதே பெயர்களிலிருந்தே அதுவும் வருகிறது, பெயரைத் தடுத்தால் வீடியோவும் போகும். கூகுளின் பொது டிஎன்எஸ் முகவரியான 8.8.8.8 என்பதை உள்ளேயே எழுதி வைத்திருக்கும் கருவிகள் பை-ஹோலிடம் கேட்பதே இல்லை. தன் டிஎன்எஸ்ஸைத் தானே மறைகுறியாக்கி வெளியே அனுப்பும் பிரவுசரும் அப்படித்தான்.

'வச்சும் வேலை செய்யலையே' என்று என்னிடம் வந்தவர்களிடம் பெரும்பாலும் இரண்டே பிழைகள். ஒன்று, ரவுட்டரில் இரண்டாவது டிஎன்எஸ் என்ற கட்டத்தில் 'எதற்கும் இருக்கட்டும்' என்று வெளி முகவரி ஒன்றைப் போட்டிருப்பார்கள். இரண்டாவது என்பது முதலாவது படுத்தால் மட்டும் கேட்பதற்கல்ல. கருவிகள் இஷ்டத்துக்கு இரண்டிடமும் கேட்கும், விளம்பரம் அந்த வழியாக வரும். அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். மற்றது ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை. நாம் பழைய ஐபிவி4 டிஎன்எஸ்ஸை மட்டும் மாற்றிவிட்டு உட்கார்ந்திருப்போம், ரவுட்டரோ இணைய நிறுவனத்தின் ஐபிவி6 டிஎன்எஸ்ஸைச் சத்தமில்லாமல் எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருக்கும்.

மின்சாரம் சம்பந்தப்பட்ட ஒன்றும் உண்டு. ஊருக்குப் போகும்போது எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போய், பத்து நாள் கழித்து வந்து போட்டேன். வீட்டில் ஒரு தளமும் திறக்கவில்லை. என் பை-ஹோல் ஓடுவது ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டரில். ராஸ்பெரி பை 4 வரையிலான போர்டுகளில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. அணைத்த நேரத்திலேயே நின்று, பத்து நாள் பின்தங்கி எழுந்திருக்கிறது. டிஎன்எஸ் பதில் போலியா என்று கையொப்பத்தை வைத்துச் சோதிக்கும் டிஎன்எஸ்செக் சரிபார்ப்பை நான் இயக்கி வைத்திருந்தேன். அதன் கையொப்பங்களுக்குத் தொடக்கத் தேதி உண்டு. பையின் கணக்கில் அந்தத் தேதிகள் இன்னும் பிறக்கவே இல்லை, ஆகவே எல்லாவற்றையும் போலி என்று தள்ளியது. நேரம் கேட்க வேண்டிய சர்வரின் பெயரையும் அதனால் கண்டுபிடிக்க முடியவில்லை. நேரச் சர்வருக்குப் பெயருக்குப் பதில் எண் முகவரி கொடுத்ததும் தீர்ந்தது. சின்ன பேட்டரிக் கடிகார மாட்யூல் ஒன்று வாங்கிச் செருகினாலும் சரி.

வீட்டை விட்டு வெளியே போனால் பை-ஹோல் கூட வராது. அம்மா சந்தைக்குப் போகும்போதும் போன் கையில்தானே? ஆண்ட்ராய்டு 9 முதல் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்ற அமைப்பு இருக்கிறது. வடிகட்டித் தரும் பொது டிஎன்எஸ் சேவை ஒன்றின் பெயரை அங்கே எழுதினால் வைஃபையிலும் மொபைல் டேட்டாவிலும் வேலை செய்யும். ஐந்து நிமிட வேலை. அதற்கு விலை, போகும் தளங்களின் பெயர்ப் பட்டியல் அந்தச் சேவையின் கண்ணில் படும் என்பது. அம்மா விஷயத்தில் அதை யோசித்துத்தான் ஒப்புக்கொண்டேன்.

யூபிளாக் ஆரிஜின்

இது பிரவுசர் எக்ஸ்டென்ஷன். பூட்டுத் திறந்து பக்கமாக விரியும் இடத்திலேயே இருப்பதால் சான்றிதழ் வித்தை எதுவும் தேவையில்லை. பிரிவாக்சியால் எச்டிடிபிஎஸ் பரிசோதனை போட்டுத்தான் செய்ய முடிந்ததை இது ஒரு கிளிக்கில் செய்கிறது. பெயரைத் தடுத்த பிறகு பக்கத்தில் மிஞ்சும் காலிக் கட்டங்களையும் எடுத்துவிடும், யூடியூப் விளம்பரத்தையும் சமாளிக்கும். ரேமண்ட் ஹில் 2014-ல் தொடங்கியது. இன்றைக்கும் இலவசம், திறந்த மூலம்.

எந்த பிரவுசரில் என்பதுதான் கேள்வி. எக்ஸ்டென்ஷன்கள் எதையெல்லாம் செய்யலாம் என்று வரையறுக்கும் 'மேனிஃபெஸ்ட் வி3' என்ற புதிய முறைக்கு குரோம் மாறி, 2024-ல் தொடங்கி 2025-க்குள் பழைய முறை எக்ஸ்டென்ஷன்களை முடக்கிவிட்டது. ஒவ்வொரு கோரிக்கையையும் அந்த நொடியில் பார்த்து முடிவெடுக்கும் உரிமை போய், முன்கூட்டியே விதிப் பட்டியல் கொடுக்கும் உரிமை மட்டும் மிஞ்சியது. அங்கே 'லைட்' பதிப்புதான் ஓடும். முழு யூபிளாக் வேண்டுமானால் ஃபயர்ஃபாக்ஸ். ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸிலும் இது ஓடும். ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷனே கிடையாது. அம்மாவின் போனில் ஃபயர்ஃபாக்ஸ் போட்டு யூபிளாக் ஏற்றிக் கொடுத்தேன். அதே குழம்புப் பக்கம், இப்போது புளியும் மிளகாயும் மட்டும் தெரிகின்றன.

இதன் எல்லை பிரவுசரின் எல்லை. மற்ற ஆப்கள், டிவி, கேமரா எதுவும் இதன் கைக்குள் வராது.

எங்கள் வீட்டில் இப்போது

எல்லா கம்ப்யூட்டரிலும் போனிலும் ஃபயர்ஃபாக்ஸும் யூபிளாக்கும். வீட்டுக்குப் பை-ஹோல், அம்மாவுக்குக் கூடுதலாக பிரைவேட் டிஎன்எஸ். பிரிவாக்சியை என் லேப்டாப்பில் மட்டும், எச்டிடிபிஎஸ் பரிசோதனை இல்லாமல் வைத்திருக்கிறேன். ப்ராக்சி அமைப்பு மட்டும் தெரிந்த சில கட்டளை நிரல்களின் போக்குவரத்தைப் பார்க்கவும், சிலவற்றை டோர் என்ற அடையாளம் மறைக்கும் நெட்வொர்க் வழியே திருப்பிவிடவும் அதைப்போல் வசதியானது வேறில்லை. ஒன்றே ஒன்றுதான் செய்ய நேரம் இருக்கிறது என்பவர் யூபிளாக்கோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பை-ஹோல் வைப்பவர்கள் அன்றைக்கே செய்ய வேண்டிய ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அதன் பதிவுப் பக்கத்தில் வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் போனும் எத்தனை மணிக்கு எந்தத் தளத்தின் பெயரைக் கேட்டது என்று வரிசையாக இருக்கும். டிவியைத் தேடிப்போன நான், தங்கையின் போன் இரவு இரண்டு மணிக்கு ஒரு நோயைப் பற்றிய தளங்களையே திரும்பத் திரும்பக் கேட்டிருப்பதைப் பார்த்துவிட்டேன். அவள் யாரிடமும் சொல்லாதது அது. மறுநாள் அவளிடம் உள்ளதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதை அழிச்சிடுண்ணே" என்றாள்.

பை-ஹோல் அமைப்பில் தனியுரிமை நிலை 0 முதல் 3 வரை இருக்கிறது. 3 வைத்தால் பெயரும் கருவியும் பதிவாகாது. தடுப்பு வழக்கம்போல நடக்கும். ஆனால் மாற்றிய பிறகு வருவதற்குத்தான் அது பொருந்தும். பழைய பதிவுகள் தரவுத்தளத்தில் அப்படியே கிடக்கும், அவற்றைத் தனியாக அழிக்க வேண்டும். தங்கையைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் கண்முன்னாலேயே அழித்தேன்.