லைட்ஸ் பித்தளை மைக்ராஸ்கோப்: பளபளப்புக்குக் காசு கொடுக்காதீர்கள்

"டாக்டர் வைத்திருந்த பழைய மைக்ராஸ்கோப்" என்று விற்பனைக்கு வரும் பித்தளைக் கருவிகளில் அடிக்கடி எதிர்ப்படும் பெயர் எர்ன்ஸ்ட் லைட்ஸ், வெட்ஸ்லார். அந்த ஜெர்மன் ஊரில் கார்ல் கெல்னர் 1849-இல் தொடங்கிய பட்டறை, 1869-இல் லைட்ஸ் கைக்கு வந்தது. கார்ல் ஸைஸ் கருவியைவிட விலை குறைவு, லென்ஸில் சொல்லும்படியான குறை கிடையாது. அதனால் மருத்துவ மாணவர்களும் தனியாக வைத்தியம் பார்த்த டாக்டர்களும் நிறைய வாங்கினார்கள். இந்த மதிப்பீடு 1890-க்கும் 1907-க்கும் இடைப்பட்ட மாடலுக்கு: குதிரை லாட வடிவப் பாதம், மூன்று லென்ஸ் பூட்டும் சுழலி, வெளிச்சத்தை ஸ்லைடில் குவிக்கும் ஆபே கண்டென்சர், வெளிச்சத்தை மேலே திருப்பிவிடும் இருபக்கக் கண்ணாடி.

வயதைக் கண்டுபிடிப்பது சுலபம். குழாயில் கம்பெனிப் பெயருக்குக் கீழே வரிசை எண் பொறித்திருக்கும். பத்தாயிரமாவது கருவி 1887-இல் வெளிவந்தது, ஐம்பதாயிரமாவது 1899-இல், ஒரு லட்சமாவது 1907-இல். 62,000 என்று எண் இருந்தால் 1901-ஐ ஒட்டியது என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். லட்சமாவதை ராபர்ட் கோஹுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு "காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த மாடல்" என்று விலை ஏற்றுபவர்கள் உண்டு. கோஹ் அந்தக் கிருமியை அறிவித்தது 1882-இல், அவர் பார்த்தது ஸைஸ் லென்ஸில்.

"டாக்டர் பயன்படுத்தியது" என்பதற்குத் தனியாகப் பணம் கேட்டால் சான்றும் தனியாகக் கேளுங்கள். பெட்டி மூடியில் பெயர்த் தகடு, வாங்கிய ரசீது, அவர் கையெழுத்தில் லேபிள் ஒட்டிய ஸ்லைடுகள் என்று ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். கருவியே சொல்லும் சாட்சியும் உண்டு. லைட்ஸின் 3-ஆம் எண், 7-ஆம் எண், பன்னிரண்டில் ஓர் அங்குல ஆயில் இம்மர்ஷன் (ஸ்லைடில் எண்ணெய்ச் சொட்டு விட்டுப் பார்ப்பது) என்ற மூன்று லென்ஸ் சேர்க்கை, சளியும் ரத்தமும் சிறுநீரும் பார்த்தவர்களின் சேர்க்கை. செடிகொடி பார்த்தவர்களுக்கு ஆயில் லென்ஸ் பெரும்பாலும் தேவைப்படாது. ஸ்லைடு வைக்கும் மேடையின் ஓரத்தை ஒரு லூப்பில் (சிறு உருப்பெருக்கியில்) பாருங்கள். எபோனைட் (கருப்புக் கெட்டி ரப்பர்) தகட்டுக்கும் பித்தளை விளிம்புக்கும் நடுவிலுள்ள மயிரிழை இடுக்கில் காசநோய்க் கிருமிக்கு ஏற்றும் ஃபுக்ஸின் சாயம் செம்பருத்தி நிறத்தில் தேங்கியிருந்தால், யாரோ இதில் சளி ஸ்லைடு பார்த்திருக்கிறார்கள். அந்தக் கறையைச் சுரண்டி எடுத்துவிடாதீர்கள்.

இந்தக் கருவியின் விலையில் முக்கால் பங்கைப் பன்னிரண்டில் ஒன்று லென்ஸுக்காகத்தான் கொடுக்க வேண்டும். நிற்கும் சட்டத்தை எந்த நல்ல பட்டறையும் சரிசெய்துவிடும். கெட்டுப்போன ஆயில் லென்ஸைச் சரிசெய்ய ஆள் கிடைப்பது அரிது. சோதிக்கும் முறை இது: லென்ஸைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து, 10 மடங்கு லூப் வழியாக முன் லென்ஸைப் பாருங்கள். கடுகைவிடச் சிறியது, அரைக்கோளம் போன்றது. அதில் கீறல் இருந்தால் வேண்டாம். பிறகு அதைத் திருப்பி, பின்பக்கம் வழியாக வெளிச்சத்தைப் பாருங்கள். உள்ளே வானவில் வளையம் தெரிந்தால், இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய கனடா பால்சம் என்ற பிசின் விட்டுப்போகிறது. பனித்துகள் போலக் கிளை விரித்திருந்தால் பால்சம் படிகமாகிவிட்டது. சிலந்திவலை மாதிரி நூல் நூலாக ஓடினால் பூஞ்சை. லேசான மஞ்சள் மட்டும்தான் என்றால் வாங்கலாம். வயதான பால்சம் அப்படித்தான் இருக்கும்.

கண்ணால் பார்த்ததோடு நிறுத்த வேண்டாம். பக்கத்து லேபில் கேட்டால் லைஷ்மன் சாயமேற்றிய ரத்த ஸ்லைடு ஒன்று கொடுப்பார்கள். கண்டென்சரை மேடையைத் தொடும் அளவுக்கு ஏற்றி, கண்ணாடியின் தட்டையான பக்கத்தைத் திருப்பி, பால் வெள்ளைத் தாளால் மூடிய எல்.இ.டி. விளக்கை வைத்துக்கொள்ளுங்கள். குழிந்த பக்கம் கண்டென்சர் இல்லாதபோது மட்டும். நேர் வெயிலைக் கண்ணாடியில் பிடிக்கவே கூடாது, கண் போய்விடும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு லென்ஸை இறக்கினால், 7 மைக்ரோமீட்டர் சிவப்பணுவின் விளிம்பு கோடு போட்டாற்போல இருக்க வேண்டும், வெள்ளணுவின் உட்கரு மடல்கள் தனித்தனியாகப் பிரிந்து தெரிய வேண்டும், இடையிடையே தட்டணுக்கள் ஊதா மணலாகக் கிடக்க வேண்டும். எல்லாமே பால் படிந்தாற்போல மங்கலாக இருந்தால் லென்ஸுக்குள் எண்ணெய் கசிந்திருக்கிறது. இந்த லென்ஸின் எண் துளை (எவ்வளவு அகலமாக ஒளியை வாங்குகிறது என்ற அளவு) 1.30. பச்சை வெளிச்சத்தில் கிட்டத்தட்ட 0.21 மைக்ரோமீட்டர் இடைவெளி வரை பிரித்துக்காட்ட வேண்டும். மலேரியா வளையத்துக்கு அது தாராளம்.

இரண்டு விஷயங்களைக் குறை என்று எண்ணித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். நடுவில் கூர்மையாகவும் ஓரத்தில் மங்கலாகவும் தெரிவது இந்தக் காலத்து லென்ஸின் இயல்பு, வளைந்த படத்தளம். விளிம்புகளில் ஊதா, பச்சைச் சாயல் தெரிவதும் அப்படியே. இன்றைய மலிவான மாணவர் மைக்ராஸ்கோப்பில் படம் ஓரம் வரை தட்டையாக வரும், வேலை வேகமாக நடக்கும். ஆனால் படத்தின் நடுவட்டத்தை மட்டும் ஒப்பிட்டால், பூஞ்சை பிடிக்காத பழைய லைட்ஸ் பன்னிரண்டில் ஒன்று தலைகுனியாது.

அடுத்தது ஃபைன் அட்ஜஸ்ட்மென்ட், படத்தை நுணுக்கமாகக் கூர்மையாக்குவது. தூணின் தலையில் உட்கார்ந்திருக்கும் திருகுதான் அது. தூணுக்குள் முக்கோணச் சட்டம் ஒன்று இருக்கிறது. திருகு ஒரு பக்கம் தள்ள, உள்ளிருக்கும் ஸ்பிரிங் எதிர்ப்பக்கம் தள்ளும், குழாயைத் தாங்கும் வளைந்த கையும் குழாயும் சேர்ந்து மயிரிழை மயிரிழையாக நகரும். பழைய கிரீஸ் பிசினாக இறுகிப்போனால் ஸ்பிரிங்கால் தள்ள முடியாது. திருகு சுற்றும், படம் அசையாது. பலர் இந்த இடத்தில்தான் பலம் கொடுத்து மரையை அழிக்கிறார்கள். சோதனை: பெரிய லென்ஸில் படத்தைக் கூர்மையாக்கி, திருகை அரைச் சுற்று விட்டு மறுபடி அதே இடத்துக்குத் திருப்புங்கள். படம் அதே இடத்துக்கு வர வேண்டும். பக்கவாட்டில் குதித்தால் சட்டம் தேய்ந்திருக்கிறது, விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

சட்டம் தேய்வதற்குப் பெரும்பாலும் காரணம் தூக்கும் விதம். கை வளைவு பிடிப்பதற்கு வசதியாகத்தான் இருக்கும். அதைப் பிடித்துத் தூக்கினால் பாதத்தின் முழு எடையும் அந்த மெல்லிய சட்டத்தில் தொங்கும். மேடைக்குக் கீழே தூணைப் பிடித்துத் தூக்குங்கள். மற்றக் கை பாதத்தின் அடியில்.

குழாய் நீளத்தில் எல்லாருக்கும் சறுக்கும். லென்ஸ் பூட்டும் இடத்திலிருந்து ஐபீஸ் வரை லைட்ஸ் லென்ஸுகளுக்கு 170 மி.மீ. வேண்டும், ஸைஸுக்கு 160, பழைய ஆங்கிலக் கருவிகளுக்கு 250. மேலே இழுத்து நீட்டும் இழுவைக் குழாயில் மில்லிமீட்டர் கோடுகள் இருக்கும், ஆனால் அந்தக் கணக்கில் சுழலியின் தடிமன் சேராது. சுழலியைக் காலிப்பரில் அளந்துபாருங்கள், 15 மி.மீ. என்றால் இழுவைக் குழாயை 155-இல் நிறுத்துங்கள். 7-ஆம் எண் லென்ஸுக்கு இது முக்கியம். நீளம் தவறினால் படம் வெள்ளை மூட்டம் போட்டுக்கொள்ளும், லென்ஸ் கெட்டுவிட்டதாக நினைத்துவிடுவீர்கள். கவர் ஸ்லிப் 0.17 மி.மீ.க்கு மேல் தடிமனாக இருந்தாலும் இதே மூட்டம்தான். லென்ஸ் மாற்றும்போது இன்றைய கருவியைப் போல அப்படியே சுழற்றிவிட முடியாது. மூன்றும் ஒரே உயரத்தில் குவியும் என்று உறுதி இல்லை. முதலில் குழாயை மேலே ஏற்றுங்கள், அப்புறம் சுழற்றுங்கள். இல்லாவிட்டால் பெரிய லென்ஸ் ஸ்லைடில் இடிக்கும். முன் லென்ஸில் காணும் கீறல்களுக்கு முக்கியக் காரணம் இதுதான்.

சுத்தம் செய்வதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். நம் வீட்டுக் குத்துவிளக்குக்குச் செய்வதை இதற்குச் செய்யாதீர்கள். புளி, எலுமிச்சை, சபீனா, பீதாம்பரி, பிராஸோ எதுவும் ஆகாது. இந்தப் பித்தளை வெறும் பித்தளை இல்லை. மேலே அரக்கிலிருந்து செய்த தேன் நிற லாக்கர் பூசியிருக்கிறது. புளி போட்டுத் தேய்த்தால் அரை மணியில் தங்கமாக மின்னும், சேகரிப்பாளர் கொடுக்கும் விலையும் அந்த அரை மணியில் பாதியாகும். லாக்கர் போன இடத்தில் மறுபடி களிம்பு ஏறும். ஸ்பிரிட்டும் அரக்கைக் கரைத்துவிடும், சானிட்டைசர் துடைத்த விரலே போதும். சோப்பு நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த பருத்தித் துணியால் ஒற்றி, உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள். அவ்வளவே.

எபோனைட் மேடைக்குத் தண்ணீரே காட்டக் கூடாது. கருப்பாக இருக்க வேண்டியது பழுப்பும் பச்சையுமாக மாறியிருந்தால் வெளிச்சம் பட்டு உள்ளேயுள்ள கந்தகம் மேற்பரப்பில் அமிலமாகியிருக்கிறது. தண்ணீர் பட்டால் அந்த அமிலம் பரவிப் பக்கத்துப் பித்தளையையும் தின்னும்.

ஆயில் லென்ஸில் காய்ந்து கண்ணாடியாகிப்போன சிடர் எண்ணெயை எடுக்க, லென்ஸ் தாளைச் சிறு துண்டாகக் கிழித்து, ஒரே ஒரு சொட்டு சைலீன் விட்டு, முன் லென்ஸ் மேல் போர்த்தி இரண்டு நிமிடம் விடுங்கள். பிறகு ஒரே திசையில் இழுத்தெடுங்கள். வட்டமாகத் தேய்க்காதீர்கள். விடவில்லையென்றால் புதுத் தாளில் மறுபடி. சைலீனில் ஊறப்போட்டால் உள்ளேயுள்ள பால்சமும் சேர்ந்து கரைந்துவிடும், லென்ஸ் அத்துடன் முடிந்தது.

குழாயை ஏற்றி இறக்கும் பல்சட்டத்திலும் தூணிலும் பச்சையாகத் தெரிவது, பழைய கொழுப்பிலுள்ள அமிலம் செம்பைத் தின்று உண்டானது. வெள்ளை ஸ்பிரிட் (சாராய ஸ்பிரிட் அல்ல, பெயின்ட் கரைக்கும் மினரல் டர்பன்டைன்) தொட்ட பல் பிரஷ்ஷால், லாக்கர் பூசிய பாகம் படாமல், எடுங்கள். அதன்பின் கெட்டியான லித்தியம் கிரீஸ், பட்டாணி அளவில் பாதி. தையல் மெஷின் எண்ணெய் விட்டால் குழாய் தானாக வழுக்கி இறங்கி ஸ்லைடை உடைக்கும். தேங்காய் எண்ணெய் விட்டால் ஒரே வருடத்தில் பழைய பச்சை திரும்பி வரும்.

நம் ஊர்ச் சூட்டில் இன்னொரு தொல்லை, இரும்புத் திருகுகள். பித்தளை துருப்பிடிக்காது, அதைப் பிடித்திருக்கும் எஃகுத் திருகு பிடிக்கும். 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைத் தேடிக்கொண்டிருந்த ரொனால்ட் ராஸ், நெற்றியிலும் கையிலும் வழிந்த வேர்வை பட்டு மைக்ராஸ்கோப் திருகுகள் துருப்பிடித்ததையும், மிஞ்சியிருந்த ஒரே ஐபீஸ் விரிசல் விட்டதையும் எழுதி வைத்திருக்கிறார். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் மாதிரிக் கடற்கரை ஊர்களில் வைத்திருப்பவர்கள் லென்ஸ் மூன்றையும் கழற்றி, பித்தளை டப்பாவில் போட்டு, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் பூஞ்சை அண்டாது. வெல்வெட் உள்ள மரப்பெட்டி அழகுக்கு நல்லது, மழைக்காலத்தில் லென்ஸுக்குச் சத்துரு.

போலிகளை அடையாளம் காண நிபுணர் வேண்டாம். ரூர்க்கியிலும் மொராதாபாத்திலும் அலங்காரத்துக்கென்று வார்க்கும் பித்தளை மைக்ராஸ்கோப்புகளில் பழைய லண்டன் கம்பெனிப் பெயரும் ஓர் ஆண்டும் பெரிதாகப் பொறித்திருக்கும், வரிசை எண் இருக்காது. அலங்காரப் பொருளாக விற்றால் அதில் தப்பில்லை. பழம்பொருள் விலை கேட்டால்தான் தப்பு. பிளஸ் தலைத் திருகு ஒன்று தென்பட்டாலே போதும், அது 1930-களில் வந்தது. லென்ஸ் மரையையும் பாருங்கள். அசலில் இன்றைய சாதாரண மாணவர் மைக்ராஸ்கோப் லென்ஸும் பூட்டும், 20.3 மி.மீ. அகலம், அங்குலத்துக்கு 36 சுற்று.

வெளிநாட்டிலிருந்து வாங்குவது ஒன்று, இங்கிருந்து அனுப்புவது வேறு. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, அறிவியலைச் சொல்லும் நூறாண்டு தாண்டிய பொருளும் தொல்பொருள்தான். அதைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. வெளிநாட்டு உறவினருக்குப் பரிசாக அனுப்ப நினைப்பவர்கள் இதை முதலில் கவனியுங்கள்.

கூரியரில் வரவழைப்பதானால் விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: மூன்று லென்ஸும் ஐபீஸும் கழற்றித் தனி டப்பாவில், கண்ணாடியைப் பிடுங்கித் துணி சுற்றி, இழுவைக் குழாயை உள்ளே தள்ளி, மேடைக்கும் சுழலிக்கும் நடுவே நுரைப்பஞ்சுக் கட்டை. மரப்பெட்டிக்குள் எதுவும் உருளக் கூடாது. சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடாமல், வெளியே டேப் போட்டு ஒட்டச் சொல்லுங்கள்.