பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு நல்ல பிரம்புக் கடை

அப்பாவின் மூங்கில் நாற்காலி ஆட்டம் கண்டிருந்தது. மூட்டுகளில் பிரம்புக் கட்டு தளர்ந்து, அடியில் மாவு மாதிரி தூள் வேறு. எங்கள் தெருமுனைக் கடையில் கொடுத்தேன்.

“ஆணி அடிச்சா போதுமா அண்ணே?” என்று கேட்டேன். “வேணாம்மா, மூங்கில் பொளந்துடும்” என்றார். புதுப் பிரம்பைத் தண்ணீரில் ஊறவைத்து இழுத்துச் சுற்றினார். காயக் காய அது சுருங்கி இறுகிவிடுமாம். இப்போது துளிகூட ஆடவில்லை.

தூளுக்குக் காரணம் துளைப்பூச்சி. மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்துதான் அதற்குத் தீனி. போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த வெந்நீரை ஊசியால் ஒவ்வொரு துளையிலும் விட்டு, நிழலிலேயே காயவைத்தார். மொட்டை மாடி வெயிலில் போட்டால் வெடித்துவிடும். இவ்வளவு பொறுமையாக வேலை செய்பவரைப் பார்ப்பது அரிது, மனசு நிறைந்தது.

வார்னிஷ் மட்டும் எனக்குக் கொஞ்சம் பளபளப்பு அதிகம், முன்பே சொல்லிவிடுங்கள். கூலி 1,200 ரூபாய், நியாயம்தான். நம் பக்கம் கடல் காற்றில் ஈரம் அதிகம், பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். அதனால் ஈரத்துணியால் துடைத்தால் உடனே உலர்ந்த துணியாலும் துடைக்கச் சொன்னார். மழைக்காலத்தில் வேலை தாமதமாகும், ஐப்பசிக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.